உறைவதற்குக் குளிர் வேண்டுமா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக் குளியலறை மாடத்தில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில் முரண்டு பிடிக்கும். கவிழ்த்துப் பிடித்து உள்ளங்கையில் தட்டினாலும் ஒரு சொட்டு விழாது. அப்பாயி முதலில் ஈர்க்குச்சியை விட்டுக் குடைந்து பார்ப்பார். அதற்கும் மசியவில்லை என்றால் வெந்நீர் அண்டாவின் மூடிமேல் பாட்டிலை வைத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் தெளிந்து, மீதி வெள்ளைக் கட்டி அடியில் போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டி மிதக்காமல் அடியில் உட்கார்வதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கும்பகோணம் பக்கம் மார்கழி விடியற்காலை என்பது 20, 21 டிகிரி செல்சியஸ். ஊட்டிக்காரரிடம் இதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார். ஆனால் எண்ணெய்க்கு ஊட்டியும் தெரியாது, கும்பகோணமும் தெரியாது. அதன் எல்லைக்கோடு 24 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேலே இருந்தால் ஓடும், கீழே இறங்கினால் கட்டும். அவ்வளவுதான்.

மாலையில் ட்யூஷனுக்கு வருகிற எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "உறையணும்னா நல்லாக் குளிரணும்ல சார்?" என்று கேட்டான். இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தவறான நினைப்பு இருக்கிறது. அதைக் கழற்றிப் போடாமல் மேலே போனால், பாடப்புத்தகத்தில் இருக்கும் திட, திரவ, வாயு படம் வெறும் படமாகவே நின்றுவிடும்.

குளிர் என்று ஒரு சரக்கு உலகத்தில் கிடையாது. ஃபிரிட்ஜ் குளிரை உள்ளே அனுப்புவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே எடுத்துப் போடுகிறது. பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், எடுத்த சூடு அங்கேதான் வந்து சேர்கிறது. இந்த விஷயத்தில் நம் பேச்சுவழக்கு ரொம்பச் சரியாக இருக்கிறது. காப்பியைக் 'குளிரவைத்துக் கொடு' என்று யாரும் கேட்பதில்லை, 'ஆற்றிக் கொடு' என்கிறோம். டபராவுக்கும் டம்ளருக்கும் நடுவே ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றும்போது காப்பிக்குள் எதுவும் புதிதாகப் போய்ச் சேரவில்லை. மெல்லிய கயிறாக நீண்ட காப்பி காற்றில் படும் இடம் அதிகமாகிறது, ஆவி அதிகமாகப் பறக்கிறது, சூடு போகிறது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்ற பழமொழியும் சூடு போன கணக்கைத்தான் சொல்கிறது.

சரி, சூடு போனால் பொருளுக்குள் என்ன நடக்கிறது? எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனது. அவை சும்மா இருப்பதே இல்லை. எவ்வளவு வேகமாகத் துள்ளுகின்றன என்பதன் அளவுதான் வெப்பநிலை. அதே சமயம் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டும் இருக்கின்றன. துள்ளலா, இழுப்பா, எது ஜெயிக்கிறது என்பதுதான் நிலைமாற்றத்தின் மொத்த விவகாரம்.

கோடையில் தண்ணீர் வற்றிய காவிரி மணலில் அவிழ்த்துவிட்ட பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் சம்பந்தமே இல்லாமல் ஓடுகிறார்கள். அது வாயு. தேர் நிலைக்கு வருகிற நேரத்துக் கூட்டம் திரவம்: தோளோடு தோள் உரசுகிறது, ஆனாலும் நெளிந்து வளைந்து இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. கல்யாணப் பந்தி திடப்பொருள். வரிசையாக உட்கார்ந்தாயிற்று, காலை ஆட்டலாம், முழங்கையால் இடிக்கலாம், இடத்தை விட்டு எழுந்து போக முடியாது. சூட்டை எடுக்க எடுக்க, ஓடுகிற பிள்ளைகள் கூட்டமாகிறார்கள், கூட்டம் பந்தியில் உட்காருகிறது.

இதுவரை யாருக்கும் சிக்கல் இருக்காது. அடுத்த படிதான் பலருக்கு வழுக்குகிறது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்தில் இருக்கிற சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்று போதும். (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது.) சில்வர் டம்ளரில் ஐஸ் துண்டுகளும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். முள் பூஜ்யத்தில் வந்து நிற்கும். வெளியே 32 டிகிரி வெயில், டம்ளருக்குள் ஓயாமல் சூடு நுழைகிறது, ஆனாலும் கடைசித் துணுக்கு ஐஸ் கரையும்வரை பூஜ்யத்தைவிட்டு நகராது. கரைந்து முடிந்த பிறகுதான் ஒன்று, இரண்டு என்று ஏறும். நுழைந்த சூடெல்லாம் எங்கே போயிற்று? பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களைக் கைபிடித்து எழுப்பிவிடுவதற்கே செலவாகிவிட்டது. வேகத்தைக் கூட்ட மிச்சம் இல்லை.

திருப்பிப் பார்த்தாலும் அதே கணக்குதான். தண்ணீர் உறையும்போது, வாங்கிய கடனைப் பைசா பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுக்கிறது. அதாவது உறைகிற தண்ணீர் சூட்டை வெளியே விடுகிறது. முதல் தடவை கேட்கும்போது இது தலைகீழாகப் படும். ஆனால் குளிர்நாடுகளில் பழத்தோட்டக்காரர்கள் இதை வைத்தே மொட்டுகளைக் காப்பாற்றுகிறார்கள். உறைபனி வரும் இரவில் மரங்கள்மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தண்ணீர் உறைய உறைய விடும் சூட்டால் மொட்டு பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொள்கிறது, அதற்கு மேல் ஆழமாகக் குளிர்ந்து கருகுவதில்லை.

இப்படித் தெர்மாமீட்டரில் தெரியாமல் ஒளிந்திருக்கும் சூட்டுக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் என்பவர் இதை அளந்து சொன்னார். அளவு எவ்வளவு என்பதுதான் ஆச்சரியம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி இறக்க ஒரு கிலோகலோரி எடுத்தால் போதும். 30 டிகிரி குழாய்த் தண்ணீரைப் பூஜ்யம்வரை கொண்டுவர 30 கிலோகலோரி ஆயிற்று. ஆனால் பூஜ்ய டிகிரித் தண்ணீரைப் பூஜ்ய டிகிரி ஐஸாக்க, முள் இம்மிகூட நகராமல், இன்னும் 80 கிலோகலோரி எடுக்கவேண்டும்.

இந்த 80 என்ன பாடு படுத்தும் என்பதை நான் படித்தது புத்தகத்தில் இல்லை, நாகப்பட்டினத்தில். என் தாய்மாமா அங்கே ஒரு ஐஸ் பிளாண்டில் ஆபரேட்டராக இருந்தார். பள்ளி லீவுக்குப் போனால் மாலையில் அவரோடு பிளாண்டுக்குப் போய்விடுவேன். உள்ளே பாதி தரையளவுக்கு மரப்பலகை மூடிகள். ஒன்றைத் தூக்கினால் கீழே கருப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அதில் வரிசை வரிசையாக உயரமான தகரக் கேன்கள். கேனுக்குள் நல்ல தண்ணீர், கேனைச் சுற்றி உப்புத் தண்ணீர். உப்பு எதற்கு என்று கேட்டேன். "சுத்தியிருக்கிறதும் உறைஞ்சுபோச்சுன்னா கேனை எப்படிடா தூக்குறது மாப்ளே?" என்றார். அதுதான் சங்கதி. உப்பு கலந்த தண்ணீர் பூஜ்யத்தில் உறையாது. அதை மைனஸ் 10 டிகிரிவாக்கில் வைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும், கேனுக்குள் இருக்கும் நல்ல தண்ணீரின் சூட்டை நாலா பக்கமும் உறிஞ்சும்.

ஒரு பார் ஐஸ் 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்க 1500 கிலோகலோரி, உறையவைக்க 4000. வேலையில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக முள் நகராத அந்த இடத்திலேயே நடக்கிறது. போதாக்குறைக்கு ஐஸ் முதலில் கேனின் சுவரில்தான் பிடிக்கும், பிறகு உள்நோக்கி வளரும். ஐஸ் வழியாகச் சூடு சுலபமாகக் கடக்காது. ஆகவே சுவர் தடிக்கத் தடிக்க, நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரின் சூடு வெளியே வருவது மெதுவாகிக்கொண்டே போகும். இரண்டு மடங்கு தடிமன் பிடிக்க ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் ஆகும். மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் அவசரக்காரர்கள் வந்து நின்றால், "ஓரம் பிடிச்சிருச்சு, நடு இன்னும் வரல, நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த நடுவில் இன்னொன்றும் பார்க்கலாம். பாரை உடைத்தால் ஓரம் கண்ணாடி மாதிரி, நடு மட்டும் பால்போல் வெள்ளையாக இருக்கும். தண்ணீர்த் துகள்கள் பந்தியில் உட்காரும்போது வேற்று ஆட்களுக்கு இடம் கொடுப்பதில்லை. கரைந்திருந்த காற்றும் உப்புகளும் ஓரத்திலிருந்து துரத்தப்பட்டுத் துரத்தப்பட்டு, கடைசியாக உறையும் நடுப்பகுதியில் அடைபடுகின்றன. வெள்ளை அந்தக் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்களால் வருவது.

உப்புத் தண்ணீருக்குள் வந்த சூட்டை யார் எடுக்கிறார்கள்? தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் குழாய்களில் அம்மோனியா ஓடுகிறது. வெளியுலக அழுத்தத்தில் அது மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். நமக்குத் தண்ணீர் கொதிக்க அடுப்பு வேண்டும். அம்மோனியா கொதிக்க மைனஸ் 10 டிகிரி உப்புத் தண்ணீரே அடுப்பு. அதன் சூட்டை வாங்கிக் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்திச் சூடாக்கி மேலே அனுப்ப, அங்கே குழாய்கள்மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். அம்மோனியா வாங்கி வந்த சூட்டையெல்லாம் அந்தத் தண்ணீரிடம் ஒப்படைத்துவிட்டு மறுபடி திரவமாகிக் கீழே வரும். மொட்டை மாடியில் விழும் அந்தத் தண்ணீரில் கைவைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். கணக்குப் போட்டால் ஐஸ் பிளாண்ட் வெளியே தள்ளுகிற சூடு, தண்ணீரிலிருந்து எடுத்ததைவிட அதிகம். மோட்டார் தின்ற மின்சாரமும் சூடாகத்தானே போய்ச் சேரவேண்டும்.

முழுவதும் பிடித்த பிறகு கேன்களை மேலே ஓடும் தூக்கியில் மாட்டி எடுத்து, சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு முக்கு. சுவரை ஒட்டிய ஐஸ் மட்டும் ஒரு நூல் கரையும், பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அங்கிருந்து அரவை மிஷின், அங்கிருந்து விசைப்படகு. வருஷத்துக்கு 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம். அப்போது போனால் பிளாண்ட் சத்தமில்லாமல் கிடக்கும், மாமாவும் திண்ணையில் கிடப்பார்.

படகில் மீனை ஐஸோடு அடுக்குவதன் சூட்சுமமும் அந்த 80தான். பூஜ்ய டிகிரித் தண்ணீர் ஒரு கிலோ ஊற்றினால் மீனிடமிருந்து கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டு உடனே தானும் சூடேறிவிடும். ஐஸ் ஒரு கிலோ போட்டால், கரைந்து முடிவதற்குள் 80 கிலோகலோரி விழுங்கும், அதுவரை பூஜ்யத்தைவிட்டு நகராது. மீனும் கெடாது, உறைந்து வெறைத்தும் போகாது.

உப்பு என்றதும் குல்பி வண்டி ஞாபகம் வராமல் இருக்காது. ராத்திரி சாப்பாடு முடிகிற நேரத்தில் மணியடித்துக்கொண்டு வரும், சிவப்புத் துணி சுற்றிய பானை. பானைக்குள் ஐஸோடு கல்லுப்பைப் போட்டுக் கிளறியிருப்பார்கள். உப்பு சேர்ந்தால் ஐஸால் பூஜ்யத்தில் ஐஸாகவே இருக்க முடியாது, கரைந்தாகவேண்டும். கரைய 80 வேண்டும். கொடுக்க ஆளில்லாததால் தன்னிடமிருந்தும் பக்கத்தில் இருக்கும் பால் குப்பியிடமிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. விளைவு, மொத்தமும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது. சரியான விகிதத்தில் கலந்தால் மைனஸ் 21 டிகிரிவரை போகும். வேதாரண்யத்து உப்பும் நாகப்பட்டினத்து ஐஸும் இருந்தால் போதும், கரண்டே இல்லாமல் ஐஸ்கிரீம் செய்யலாம். மேலே சொன்ன டம்ளரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டுப் பாருங்கள். தெர்மாமீட்டரின் முள் அடிக்கோட்டை நோக்கி விழும். டம்ளரின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும். அதைத் தொட்டுப் பார்க்கலாம், ஈரக்கையோடு பிடித்துக்கொண்டே இருக்கவேண்டாம், ஒட்டிக்கொள்ளும்.

இப்போது அடியில் உட்கார்ந்த தேங்காய் எண்ணெய்க் கட்டிக்கு வருவோம். சூடு போனால் துகள்கள் நெருங்கும், நெருங்கினால் பொருள் சுருங்கும், சுருங்கினால் அதே இடத்தில் கனம் கூடும், கனத்தால் மூழ்கும். நியாயமான வரிசை. உறைந்த எண்ணெயை மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு குழி இருக்கும், அதுவும் சுருக்கத்தால் வந்ததே. பெரும்பாலான பொருள்கள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. விதிவிலக்கு, நாம் தினமும் குடிக்கிற தண்ணீர். 4 டிகிரிவரை ஒழுங்காகச் சுருங்கிக்கொண்டு வரும், அதன்பின் குணம் மாறி விரிய ஆரம்பிக்கும். உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருத்துவிடும். ஐஸில் தண்ணீர்த் துகள்கள் நடுவில் வெற்றிடம் விட்டு அறுகோணக் கூடு கட்டி உட்காருகின்றன, அதுதான் காரணம். ஆகவே ஐஸ் மிதக்கிறது, ஃபிரீசரில் மறந்துபோன சோடா பாட்டில் வெடிக்கிறது. வாய்வரை தண்ணீர் பிடித்துக் கண்ணாடி பாட்டிலை ஃபிரீசரில் வைக்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன். அடுத்த நாள் கண்ணாடிச் சில்லு பொறுக்கியதும் நான்தான்.

எட்டாம் வகுப்புப் பையனின் கேள்விக்கு நேரான பதில் கும்பகோணத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், சுவாமிமலையில் இருக்கிறது. அங்கே ஸ்தபதிகள் சோழர் காலத்திலிருந்து வழிவழியாக வந்த முறையில் செப்புத் திருமேனி வார்க்கிறார்கள். முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முழு உருவத்தையும் மெழுகிலேயே செய்வார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை நைசாக அரைத்துப் பூசிக் காயவைப்பார்கள். அந்த மண் அத்தனை மெல்லியது என்பதால்தான் மெழுகில் கீறிய நகக்கண்கூட அச்சில் பதிகிறது. அதற்குமேல் முரட்டு மண், கம்பிக்கட்டு. பிறகு வறட்டியில் சூடுகாட்டினால் மெழுகு உருகித் துளைவழியே ஓடிவிடும். உள்ளே வெற்று உருவம் மிச்சம். இதுவரை நடந்தது ஓர் உருகல். இனி நடக்கப்போவது உறைதல்.

செம்பு உருகுவது 1085 டிகிரியில். பித்தளையும் ஈயமும் சேர்த்தால் உருகும் எல்லை கொஞ்சம் இறங்கும். ஆனாலும் மூசையிலிருந்து ஊற்றும்போது குழம்பு கண் கூசும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், நாலடி தள்ளி நின்றாலும் முகம் காந்தும். அது அச்சுக்குள் போன பிறகு சூட்டை மண்ணுக்குக் கொடுத்து, எல்லைக்கோட்டைத் தொட்டதும் உறைகிறது. தொட்டால் கை வெந்துபோகிற பல நூறு டிகிரியில் இருந்துகொண்டே அது உறைந்துவிட்ட பொருள். தண்ணீர் பூஜ்யத்தில் செய்வதை, தேங்காய் எண்ணெய் 24இல் செய்வதை, செம்பு ஆயிரத்துச் சொச்சத்தில் செய்கிறது. செம்பின் பார்வையில் சித்திரை வெயிலில் காயும் தஞ்சாவூர் ரோடு உறைபனிப் பிரதேசம்.

இங்கே ஒரு சின்ன வேறுபாடு உண்டு. சுத்தமான செம்பு ஒரே புள்ளியில் முள்ளை நிறுத்தி உறையும். கலப்பு உலோகம் அப்படிச் செய்யாது. ஒரு டிகிரியில் ஆரம்பித்து இன்னொரு டிகிரியில் முடிக்கும். நடுவில் கூழ் பக்குவத்தில் இருக்கும், பாதி குழம்பு, பாதி கட்டி. தேங்காய் எண்ணெயும் இதே வகை. அது பலவிதக் கொழுப்புகளின் கலவை. அதனால்தான் அதற்கு 24 என்று அறுத்துச் சொல்லாமல் 24க்குப் பக்கத்தில் என்று எழுதினேன்.

செம்பும் எண்ணெய் கட்சி, சுருங்குகிற கட்சி. உறையும்போது கிட்டத்தட்ட 5 சதவீதம் சுருங்கும். அச்சுக்குள் அப்படிச் சுருங்கினால் மூக்கிலோ விரலிலோ பள்ளம் விழுந்துவிடும். அதற்காகவே ஊற்றுவாயில் அதிகப்படியாகக் குழம்பு நிற்கும்படி விடுகிறார்கள். உருவம் சுருங்கச் சுருங்க மேலிருந்து குழம்பு இறங்கி நிரப்பும். கடைசியாக உறைவது அந்த ஊற்றுவாய்க் குழம்பு. பள்ளம் அதில் விழட்டும், பிறகு வெட்டிப் போட்டுக்கொள்ளலாம். அச்சை அவசரப்பட்டு உடைப்பதும் கிடையாது, முழுக்க ஆறவிடுவார்கள். ஒரு பக்கம் சீக்கிரம் ஆறி, மறுபக்கம் மெதுவாக ஆறினால் இரண்டும் ஒரே அளவில் சுருங்காது, விரிசல் விடும்.

ஆறுகிற வேகம் பொருளின் உருவத்தையே மாற்றும். நெய்யில் இதைப் பார்க்கலாம். காய்ச்சி இறக்கிய நெய்யை அடுப்பங்கரையிலேயே மெதுவாக ஆறவிட்டால் மணல் மணலாக உறையும். கொழுப்புத் துகள்களுக்கு வரிசை தேடி உட்கார நேரம் கிடைத்ததால் பெரிய பெரிய மணிகள். அதே நெய்யைச் சுடச்சுட ஃபிரிட்ஜில் வைத்தால் வெண்ணெய்போல் வழவழவென்று ஆகிவிடும். சர்க்கரைப் பாகும் அப்படியே: நாள்கணக்கில் ஆறவிட்டால் நூலில் கல்கண்டு பூக்கும், முற்றின பாகைத் தட்டில் கொட்டிச் சட்டென்று ஆறவிட்டால் துகள்கள் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டு, கண்ணாடி மாதிரி நொறுங்கும் மிட்டாய் ஆகும். கண்ணாடியும் இந்த ஜாதியே.

வாயு திரவமாவதற்கு வருவோம். இது சமையலறையில் தினமும் நடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. இட்லி வேகிறதே, எதனால்? கொப்பரையில் எழும் ஆவி மாவின்மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது கொட்டுகிற சூட்டால். ஒரு கிலோ ஆவி தண்ணீராகும்போது 540 கிலோகலோரி விடும். 80 பெரிது என்று நினைத்தோமே, இது அதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். ஆவியில் கை வெந்தால் கொதிநீரைவிட மோசமாகப் புண்ணாவதும் இதனாலேயே. ஒரு கிராம் கொதிநீர் தோலில் பட்டு 40 டிகிரிக்கு ஆறும்போது 60 கலோரி கொடுக்கும். ஒரு கிராம் ஆவி முதலில் 540, பிறகு அந்த 60, ஆக 600. பத்து மடங்கு. இட்லிக் கொப்பரையை எப்போதும் மறுபக்கமாகச் சாய்த்துத் திறக்கச் சொல்வது சும்மா இல்லை.

இதே காரியம் டெல்டா முழுவதும் மார்கழி, தை இரவுகளில் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் வாய்க்காலும் ஊறிக் கிடக்கின்றன, காற்றில் ஈரம் நிறைய. இரவு நீளம். வானம் தெளிவாக இருந்தால் நெற்பயிரின் தாள் தன் சூட்டை நேரே வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். அதைத் தொட்ட ஈரக்காற்று ஒரு எல்லைக்குமேல் ஈரத்தைச் சுமக்க முடியாமல் தாளின்மேல் இறக்கி வைக்கிறது. பனித்துளி மேலேயிருந்து கொட்டுவதில்லை, தொட்ட இடத்தில் பிறக்கிறது. மேகம் மூடிய இரவில் சூடு தப்பிக்க வழியில்லை, பனியும் குறைவு. தரையோரக் காற்றே மொத்தமாகக் குளிர்ந்துவிட்டால் துளிகள் காற்றில் மிதக்கும், அதுதான் மூடுபனி. பனி கட்ட ஆரம்பித்ததும் இரவின் வெப்பநிலை இறங்குவது மெதுவாகிவிடும். ஆவி தண்ணீராகும்போது விடும் சூடு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. டம்ளரில் பூஜ்யத்தில் நின்ற முள்ளும் இதுவும் ஒரே சங்கதி.

அறுவடைக்காரர்களுக்கு இது தலைவலி. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆகவே மிஷின் வந்து வரப்பில் நின்றாலும் பனி காயட்டும் என்று வெயில் ஏறும்வரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இடையில் உள்ள திரவத்தைத் தொடாமல் தாண்டிக் குதிக்கிற பொருள்களும் உண்டு. சூடக் கட்டியைக் கண்ணாடி டப்பாவில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் மூடிக்குக் கீழே வெள்ளைப் பொடி பூத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கட்டியிலிருந்து நேரே ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் நேரே கட்டியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. உறைவதெல்லாம் இந்த உறைதல் இல்லை. பாலுக்கு உறை குத்துகிறோம், தயிர் உறைகிறது. அங்கே சூடு போகவில்லை, மோரில் இருந்த நுண்ணுயிர்கள் உண்டாக்கிய புளிப்பால் பாலின் புரதம் திரண்டுவிட்டது. தயிரைச் சூடாக்கினால் பால் திரும்பி வராது. சிமெண்ட் இறுகுவதும் தண்ணீரோடு நடக்கும் வேதிவினையே. நிலைமாற்றமா, வேறு மாற்றமா என்று சந்தேகம் வந்தால், எடுத்த சூட்டைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். பழைய பொருள் திரும்பி வந்தால் நிலைமாற்றம். ட்யூஷனில் இதைச் சொன்னதும் அந்தப் பையன், "அப்ப ரத்தம் உறையறது சார்?" என்றான். அதுவும் தயிர் கட்சிதான்.

சூட்டை எடுத்துக்கொண்டே போனால் எதுவரை போகலாம்? மைனஸ் 273.15 டிகிரி அடித்தளம், அதற்குக் கீழே எடுக்கச் சூடு இல்லை. நாம் மூச்சு விடுகிற காற்றும் வழியில் திரவமாகிவிடும்: ஆக்சிஜன் மைனஸ் 183இல், நைட்ரஜன் மைனஸ் 196இல். கடைசிவரை அடம்பிடித்தது ஹீலியம். 1908இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் அதைத் திரவமாக்கினார். மைனஸ் 269 டிகிரிக்கு இறங்கவேண்டியிருந்தது.

இதெல்லாம் எங்கோ ஆய்வகத்தில் நடப்பது என்று நினைக்கவேண்டாம். திரவ நைட்ரஜன் நம் ஊர்த் தெருவுக்கே வருகிறது. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வருவாரே ஒரு கழுத்து ஒடுங்கிய அலுமினியக் கேன், அதற்குள் இருப்பது அதுதான். காளையின் விந்தைக் குச்சிகளில் அடைத்து அதில் முக்கி வைத்திருப்பார்கள். கொட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மூடியைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை வழிந்து தரையில் ஊரும், பிள்ளைகள் நைட்ரஜன் நைட்ரஜன் என்று கத்துவார்கள். நைட்ரஜனுக்கு நிறமே கிடையாது. அந்த வெள்ளை, நம் ஊர்க் காற்றில் இருந்த ஈரம். கேனின் கழுத்தருகே சூட்டைப் பறிகொடுத்துத் துளித்துளியாகத் திரண்டு, கொட்டில் வாசலில் நடுப்பகலில் ஒரு சாண் உயரத்துக்கு மூடுபனி போட்டிருக்கிறது.